பாட்டை அடியிலிருந்து கேளுங்கள்

2008ஆம் ஆண்டு அமெரிக்காவின் பில்போர்ட் பாடல் வரிசையில் 4ஆம் இடம் வரை ஏறிய ‘பேப்பர் பிளேன்ஸ்’ என்ற பாட்டைப் பாடியவர் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பிள்ளை. பெயர் மாதங்கி அருள்பிரகாசம். உலகம் அவரை எம்.ஐ.ஏ. என்று அறியும். 1975இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, இங்கே திருக்குடும்பக் கன்னியர் மடத்தில் படித்து, இடையில் சென்னையிலும் இருந்து, 1986இல் தாயோடும் சகோதரங்களோடும் அகதியாக லண்டனுக்குத் திரும்பியவர். அந்தப் பாட்டு ஊரில் பலருக்குத் தெரியும். ஆனால் கேட்டு முடித்துவிட்டு, “எல்லாம் சரி, இதில பாட்டு எங்க இருக்கு?” என்று கேட்கிறவர்களைத்தான் நான் அதிகம் சந்தித்திருக்கிறேன்.

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. வானொலியிலும் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் கேட்டு வளர்ந்த சினிமாப் பாட்டு எங்கள் காதுக்கு ஓர் ஒழுங்கைப் பழக்கிவிட்டது. முதலில் மெட்டு, பிறகு வரி, பிறகு குரல். தாளம் இவற்றுக்குக் கீழே தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும். மெட்டு மனதில் நிற்கவில்லை என்றால் பாட்டே சரியில்லை என்று முடிவு கட்டிவிடுவோம். கடந்த ஐம்பது ஆண்டுகளில் உலகப் பொப்பிசையின் பெரும்பகுதி போன வழி வேறு. அங்கே பாட்டைத் தாளத்திலிருந்துதான் கட்டத் தொடங்குகிறார்கள். அதன் மேல் பேஸ் என்கிற கீழ்ச்சுர ஓட்டம் வருகிறது. இடையிடையே எங்கிருந்தோ வெட்டி எடுத்த ஒரு சத்தம், பழைய பாட்டொன்றின் துண்டு. குரல் கடைசியாக வந்து உட்காருகிறது. இதை எல்லாம் கட்டி எழுப்புகிறவரைத்தான் இசை உலகில் புரொடியூசர் என்கிறார்கள். பணம் போடுவது அவர் வேலை அன்று. பாட்டின் ஒலி அவருடைய கைவேலை.

ஆகவே யாழ்ப்பாணத்தோடு தொடர்புள்ள பொப்பிசையை ரசிக்க விரும்புகிறவருக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான்: கீழே இருந்து மேலே கேளுங்கள். தாளத்தை முதலில் பிடியுங்கள். குரலைக் கடைசியில் பிடியுங்கள். ஒலியைக் கட்டியவர் யார் என்று கேளுங்கள்.

இது புதுப் பழக்கம் என்று யாரும் தயங்கத் தேவையில்லை. கோயில் திருவிழாவில் மேளச் சமா கேட்ட எவருக்கும் இந்தக் காது ஏற்கெனவே உண்டு. நாதஸ்வரம் ஓய்ந்து, தவில்கள் இரண்டோ நாலோ மாறி மாறிப் பேசத் தொடங்கும் நேரத்தில் மெட்டும் இல்லை, வரியும் இல்லை. ஆனாலும் சனம் எழும்பிப் போவதில்லை. விரல் மடித்துக் கணக்குப் பார்த்து, தீர்மானம் சமத்தில் வந்து விழும்போது தலையாட்டுகிற முதியவர்களை வீதியோரத்தில் பார்த்திருக்கிறோம். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975) என்ற ஒரு தவில் மேதையைத் தமிழ்நாட்டின் பெரிய வித்துவான்கள் தேடி அழைத்துத் தங்களுடன் வைத்துக்கொண்டார்கள். அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படம் இந்தியாவின் தேசிய விருது பெற்றது. அப்படி ஒருவரைத் தந்த மண்ணில், மெட்டில்லாத இசையை ரசிக்கத் தெரியாது என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை.

தவிலிலேயே ஒரு பயிற்சி செய்யலாம். வலப்பக்கத்தை விரல்களில் கூடு மாட்டி வாசிப்பார்கள். இடப்பக்கத்தைக் கழியால் அடிப்பார்கள். அடுத்த முறை இரண்டையும் பிரித்துக் கேளுங்கள். வலப்பக்கம் சொற்களை நெருக்கமாகக் கொட்டும். இடப்பக்கம் அடியைத் தாங்கும். சில இடங்களில் வேண்டுமென்றே அடிக்காமல் விடும். அந்த விட்ட இடத்தை உணரத் தொடங்கினால் லண்டனிலோ ரொறன்ரோவிலோ செய்த பாட்டின் பேஸும் பிடிபடத் தொடங்கும்.

இனி எங்கள் பொப் பாட்டுக்கு வருவோம். 1960களின் பிற்பகுதியிலும் 70களிலும் இலங்கை வானொலி வழியாகத் துள்ளிசை என்றும் பொப்பிசை என்றும் ஒரு புது வகைத் தமிழ்ப் பாட்டு வீடுகளுக்குள் வந்தது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன், எஸ். இராமச்சந்திரன், ஸ்ரனி சிவானந்தன், அமுதன் அண்ணாமலை என்று பெயர்கள் நீளும். இந்தியச் சினிமாவைப் பார்த்துச் செய்யாத தமிழ்ப் பாட்டு, சந்தியில் நின்று பாடக்கூடிய பாட்டு என்பதே அதன் பெருமை. சிங்களப் பக்கத்தில் ஏற்கெனவே ஓங்கியிருந்த பைலா அதற்குக் கைகொடுத்தது. பைலாவின் வேர் போர்த்துக்கேயரோடும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்க மக்களோடும் வந்த ஆட்டப்பாட்டில் இருக்கிறது. அதை மேடை இசையாக்கியவர் வொலி பஸ்ரியன்.

பைலாவின் அடிப்படை ஆறு எண்ணிக்கை. வேகமாக ஒன்றிலிருந்து ஆறுவரை திரும்பத் திரும்ப எண்ணுங்கள். ஒன்றிலும் நாலிலும் கை தட்டினால் இரண்டு அடி கிடைக்கும். ஒன்று, மூன்று, ஐந்து என்று தட்டினால் அதே நேரத்துக்குள் மூன்று அடி கிடைக்கும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று உரசுகிற இடத்தில்தான் காலைச் சும்மா வைத்திருக்க முடியாமல் போகிறது. ஒரு பழைய பொப் பாட்டைப் போட்டுவிட்டு ‘தகிட தகிட’ என்று வாயால் சொல்லிப் பாருங்கள். உட்காரவில்லை என்றால் ‘தகதிமி’ சொல்லுங்கள். எது பொருந்துகிறது என்று கண்டுபிடித்தாலே அந்தப் பாட்டில் பாதி உங்கள் கைக்கு வந்துவிடும். கித்தார் எந்த எண்ணிக்கையில் உரசுகிறது, டிரம் எதை அழுத்துகிறது என்பது தானாகவே தெளியும்.

பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று கொண்டாடப்பட்ட மனோகரனின் ‘சுராங்கனி’ கடல் தாண்டியது. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா அந்தப் பெயரிலேயே மலேசியா வாசுதேவன் குரலில் ஒரு பாட்டுச் செய்தார். சிங்களப் பல்லவியைச் சிங்களத்திலேயே விட்டுவிட்டுத் தமிழைச் சுற்றிக் கட்டிய துணிவைக் கவனியுங்கள். இரண்டு மொழிக்கும் ஒரே துள்ளல் பொருந்துகிறது. மனோகரன் மேடைக்காரர். அவருடைய பலம் கூட்டத்தைத் தன்னோடு பாட வைப்பது. அதனால் அவருடைய பாட்டுகளில் பதில் குரல் எங்கே வருகிறது என்று கேட்க வேண்டும். அதுதான் அந்தப் பாட்டின் தூண். ‘வாடைக்காற்று’ (1978) படத்தில் நடித்து, பிறகு தமிழ், மலையாளப் படங்களிலும் வில்லனாக வந்து, 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

இருந்தாலும் மனோகரன், நித்தி கனகரத்தினம் இருவரில் ஒருவரைச் சொல் என்றால் நான் நித்தியைத்தான் சொல்வேன். ‘சின்ன மாமியே’ பாட்டில் ஒருவன் மாமியிடம் மகளைப் பற்றி விசாரிக்கிறான். மாமி விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்கிறாள். ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ குடிகாரனுக்குச் சொல்லும் புத்திமதி. அது ஆட வைக்கிற தாளத்தில் வருகிறது. வரிகள் வாய்ப்பேச்சின் ஏற்ற இறக்கத்திலேயே போகின்றன. பாடுகிறவர் குரலை அலங்கரிப்பதில்லை. முற்றத்தில் நின்று கதைக்கிற குரலையே தாளத்தில் ஏற்றிவிடுகிறார். பேச்சுக்கும் பாட்டுக்கும் இடையில் உள்ள அந்த ஒடுங்கிய வரம்பில் நடப்பது கடினம். விவசாயத் துறையில் படிப்பித்த ஒருவர், பின்னாளில் அவுஸ்திரேலியாவில் குடியேறியவர், அதை இத்தனை இலகுவாகச் செய்தார். ராப் இசை தமிழுக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பேச்சைத் தாளத்தில் உட்கார வைக்கும் கலையை அவர் அறிந்திருந்தார் என்பது என் துணிபு.

அதே காலத்தில் மேடையை ஆண்டவை இசைக்கோஷ்டிகள். கண்ணன் கோஷ்டி போன்றவை கோயில் திருவிழாக்களில் விடியும்வரை வாசித்தன. பெரும்பாலும் சினிமாப் பாட்டுகள்தான். ஆனால் சென்னையில் பெரிய வாத்தியக் குழு வாசித்ததை, இங்கே சில பேர் ஓர் ஓர்கனையும் கித்தாரையும் டிரம்ஸையும் கொண்டு மீட்டுக் கட்ட வேண்டியிருந்தது. எதை விடுவது, எதை வைத்திருப்பது என்ற அந்தத் தெரிவு ஒரு புரொடியூசரின் வேலைதான். பிற்காலத்தில் போர்க்காலப் பாடல்களால் அறியப்பட்ட எஸ். ஜி. சாந்தனும் (மறைவு 2017) மேடையில் பழகிய குரல். அவரை அரசியலோடு மட்டும் சேர்த்துக் கேட்பவர்கள், நெரிசலான வாத்தியச் சத்தத்துக்கு மேலே ஒரு சொல்லைக்கூட விழுங்காமல் கடைசி வரிசைவரை கொண்டுபோகிற அவருடைய உச்சரிப்பைத் தவறவிடுகிறார்கள்.

கேட்கும் கருவியையும் இங்கே சொல்ல வேண்டும். 1990களில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலியும் கசற்றும் கேட்ட தலைமுறை எங்களுடையது. அந்தச் சின்ன ஒலிபெருக்கியில் பேஸ் வரவே வராது. குரலும் புல்லாங்குழலும் மட்டும் துல்லியமாக வரும். கீழ்ச்சுரங்களை நாங்கள் அந்த ஆண்டுகளில் கேட்கவே இல்லை. இன்று கைத்தொலைபேசியின் ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்கிற பிள்ளைகளுக்கும் அதே குறைதான். ஆகவே ஒரு கண்டிப்பான புத்திமதி: நல்ல ஹெட்போன் இல்லாமல் இனி வரும் பாட்டுகளைத் தொடாதீர்கள். பேஸ் கேளாமல் எம்.ஐ.ஏ.வைக் கேட்பதும் தவிலின் இடப்பக்கத்தைப் பொத்திவிட்டுக் கேட்பதும் ஒன்றுதான்.

எம்.ஐ.ஏ. படித்தது சித்திரமும் திரைப்படமும். லண்டன் சென்ற் மார்ட்டின்ஸ் கல்லூரியில். இசைக்கு வந்தது ரோலண்ட் எம்.சி.-505 என்ற ஒரு பெட்டியோடு. தாளமும் பேஸும் அதிலேயே செய்து, திரும்பத் திரும்ப ஓட விட்டு, மேலே குரலை வைக்கலாம். 2005இல் வந்த முதல் இசைத்தொகுப்பு ‘அருளர்’, ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான தகப்பனின் இயக்கப்பெயர். 2007இல் வந்த இரண்டாவது, ‘கலா’, தாயின் பெயர். தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர் அவர். முதலாவதில் பெட்டியின் ஒலி மேலோங்கும். சில பாட்டுகள் இன்று கொஞ்சம் வறண்டு கேட்கின்றன. ‘கலா’ வேறு உயரம். இந்தக் கட்டுரையைப் படித்து ஒரே ஒரு இசைத்தொகுப்பைத்தான் கேட்பேன் என்கிறவர் அதைக் கேட்டால் போதும்.

‘கலா’ உருவானதே ஒரு தடையால். அமெரிக்காவில் ரிம்பலண்ட் என்ற பெரும் புரொடியூசரோடு செய்யத் திட்டம் இருந்தது. விசா சிக்கலானது. அதனால் இந்தியா, ட்ரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, அவுஸ்திரேலியா என்று அலைந்து ஒலிகளைச் சேர்த்தார். சென்னையில் ஏ. ஆர். ரஹ்மானின் ஸ்டூடியோவைப் பயன்படுத்தி, மேளக்காரர்களை வைத்துப் பதிவு செய்தார். ஸ்விட்ச் என்ற ஆங்கிலேயப் புரொடியூசர் உடன் இருந்தார்.

‘பேர்ட் ஃப்ளூ’விலிருந்து தொடங்குங்கள். முதலில் வரும் அடி எங்கள் காதுக்குப் புதிதே இல்லை. அதில் உறுமி இருக்கிறது. உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், மறு முகத்தை மெல்லிய குச்சியால் அடிப்பார்கள். தேய்க்கிற பக்கம் மாடு முக்குவது போல ஓர் ஒலி எழும். அந்த முக்கலைத்தான் இந்தப் பாட்டு பேஸாக வைத்திருக்கிறது. நியூயோர்க்கிலும் லண்டனிலும் கேட்டவர்களுக்கு அது எந்த இயந்திரம் என்று தெரியாத ஒரு புது ஒலி. எங்களுக்கு அது தோல். முதல் முறை கேட்கும்போது குரலை முழுதாக விட்டுவிடுங்கள். இரண்டாம் முறை சிறுபிள்ளைகளின் கூச்சல் எந்த அடியில் விழுகிறது என்று பாருங்கள். மூன்றாம் முறை மட்டும் அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். பிறகு ‘போய்ஸ்’. அதே மேளம், ஆனால் இங்கே ஸ்விட்ச் அதை வெட்டி ஒட்டி வேகமாக்கியிருக்கிறார். ஆளுடைய கை எங்கே முடிகிறது, கணினி எங்கே தொடங்குகிறது என்று தேடுவது நல்ல பயிற்சி.

இசைத்தொகுப்பைத் திறக்கும் ‘பாம்பூ பாங்கா’வில் ‘தளபதி’ (1991) படத்துக் ‘காட்டுக்குயிலு’ பாட்டின் துண்டு கலந்திருக்கிறது. இளையராஜாவின் பொங்கல் கொண்டாட்டத்தை எடுத்து, இருண்ட ஒரு நீண்ட ஓட்டத்துக்குள் போட்டிருக்கிறார். பாட்டுத் திருட்டு என்று சிலர் கோபிக்கிறார்கள். என் பார்வை வேறு. பழைய துண்டு புது இடத்தில் வேறு பொருள் தந்தால் அது ஆக்கம், தராவிட்டால் சோம்பல். இங்கே தருகிறது: வீட்டில் எல்லோரும் சேர்ந்து கேட்ட பாட்டு, தெருவில் தனியே போகிறவரின் தலைக்குள் ஓடுவதுபோல் கேட்கிறது. மெட்டு இல்லாமல் முடியாது என்கிறவர்கள் ‘ஜிம்மி’யிலிருந்து நுழையலாம். ‘டிஸ்கோ டான்ஸர்’ (1982) இந்திப் படத்துக்குப் பப்பி லஹிரி போட்ட பாட்டின் மறுபிறப்பு அது.

இனி ‘பேப்பர் பிளேன்ஸ்’. புரொடியூசர் டிப்ளோ. அடியில் ஓடும் கித்தார் ‘த கிளாஷ்’ குழுவின் ‘ஸ்ட்ரெய்ற் ரு ஹெல்’ (1982) பாட்டிலிருந்து வந்தது. அதுவே குடிவந்தவர்களையும், வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுப்போன பிள்ளைகளையும் பற்றிய பாட்டு. விசா மறுக்கப்பட்ட கோபத்தில் ஓர் அகதிப் பெண் செய்த பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான அத்திவாரம் கிடைத்திராது. பல்லவியில் துவக்குச் சத்தமும் காசுப் பெட்டி திறக்கும் சத்தமும் வருகின்றன. பலர் அவற்றைக் குறும்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். தாளத்தோடு எண்ணிப் பாருங்கள்: ஒவ்வொரு வெடியும் மேளத்தின் இடத்தில் துல்லியமாக உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தில் சொல் இல்லை. வெடி சொல்லின் வேலையைச் செய்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் வெடிச் சத்தத்தை மாற்றிப் போட்டபோது பாட்டே நொண்டியது. வெடிச் சத்தத்தை எண்ணிக்கொண்டு வளர்ந்த பிள்ளை அதைத் தாளமாக்கியதை யாழ்ப்பாணத்தில் இருந்து கேட்பவருக்கு விளக்க வேண்டியதில்லை. துவக்கு அவருடைய அலங்காரம் என்று சொன்ன வெளிநாட்டு விமர்சகர்களோடு நான் ஒத்துப்போனதில்லை.

இந்தப் பாட்டின் ஒரு வரியை எடுத்துக் கன்யே வெஸ்ற் ‘ஸ்வாகா லைக் அஸ்’ செய்தார். 2009 பெப்ரவரியில் கிராமி விருது மேடையில் நிறைமாதக் கர்ப்பிணியாக நின்று எம்.ஐ.ஏ. அதைப் பாடினார். அதே நாட்களில் வன்னியில் போரின் கடைசி மாதங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கிடைத்த மேடைகளில் அதைப் பற்றியும் பேசினார். ரஹ்மானோடு ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்குச் செய்த ‘ஓ... சயா’ ஒஸ்கார் பரிந்துரைக்குப் போனது. பிந்திய இசைத்தொகுப்புகளில் ‘மாதங்கி’ (2013) கேட்கத்தக்கது. மற்றவற்றை நேரம் இருந்தால் கேட்கலாம்.

அவருக்கு அடுத்த தலைமுறை கனடாவில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து குழந்தையாக அகதியாகப் போன ஷான் வின்சென்ற் டி போல், மிருதங்கம் பயின்ற புரொடியூசர் யாஞ்சனோடு செய்த ‘மிருதங்கம் ராப்ஸ்’ காணொலிகளைத் தவில் கேட்டவர்கள் ஒரே மூச்சில் ரசிக்கலாம். மிருதங்கமும் குரலும் மட்டும். சொற்கட்டை ஷான் ஆங்கில அசைகளால் நிரப்புகிறார். யாஞ்சன் நடையை மாற்றும் இடத்தில் ராப்காரர் தடுமாறாமல் கூடவே திரும்புகிறாரா என்று பாருங்கள். தனியாவர்த்தனத்தைக் கேட்கும் அதே முறைதான். ஷானின் ‘மேட் இன் ஜப்னா’ இசைத்தொகுப்பு 2021இல் வந்தது. அதே ஆண்டு ‘சார்பட்டா பரம்பரை’ படத்துக்காக இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனோடு அவரும் நவ்ஸ்-47உம் செய்த ‘நீயே ஒளி’யில், தமிழ் ராப்புக்குள் மோனையும் எதுகையும் எந்த அடியில் விழுகின்றன என்று குறித்துக்கொண்டே கேட்கலாம். மோனை அடியின் தலையில் விழும்போது ஓர் உதை கிடைக்கும். கொஞ்சம் தள்ளி விழும்போது இழுவை கிடைக்கும். நல்ல ராப்காரர் இரண்டையும் மாற்றி மாற்றித் தருவார். 2023 ஒக்ரோபரில் சந்தோஷ் நாராயணன் யாழ்ப்பாணம் முற்றவெளியில் இலவச நிகழ்ச்சி நடத்தியபோது திரண்ட கூட்டம், இந்த இசைக்கு ஊரில் காது தயாராகத்தான் இருக்கிறது என்று காட்டியது.

ஒலியைக் கட்டியவர் யார் என்று கேளுங்கள் என்று முதலில் சொன்னேன். ‘கலா’வின் உறையைத் திருப்பினால் எந்தப் பாட்டுக்கு யார் புரொடியூசர், எந்தப் பழைய பாட்டின் துண்டு யாருடையது என்று அச்சில் இருக்கிறது. எங்கள் பொப் பாட்டுகளுக்கோ பாடகர் பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. கித்தார் வாசித்தவர், டிரம் அடித்தவர், ஒலிப்பதிவு செய்தவர் பெயர்கள் அவர்களோடு வாசித்த சிலரின் நினைவில் மட்டும் இருக்கின்றன. அவர்களில் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். உங்கள் வீட்டிலோ அயலிலோ கோஷ்டியில் வாசித்த மாமா, பெரியப்பா யாரும் இருந்தால், இந்த மாதமே போய் இருந்து பழைய பாட்டொன்றைப் போட்டு, இது யார் வாசித்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பரணில் கசற்றோ இசைத்தட்டோ இருந்தால் எறியாமல், பூஞ்சணம் பிடிக்க முதல் எண்ணிமப்படுத்தி, நூலகம் நிறுவனம் போன்ற ஓர் ஆவணக் காப்பகத்துக்குப் பிரதி கொடுங்கள்.